மேல்குரல் யாருடையது

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு கடிதம்.
பழைய இசைத்தட்டைத் திரும்ப வெளியிடுகிறார்களாம்,
உரிமைத்தொகை பிரிக்க வேண்டுமாம்.
படிவத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
இரண்டாம் சரணத்தில் மேலே ஏறும் குரல்
யாருடையது?

நாங்கள் நால்வர்.
வேனின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்டில்
ரந்தாலா குடும்பம் என்று எழுதியிருந்தது.
கதவைச் சறுக்கித் திறந்தால்
குடும்பம் கதவோடு பின்னால் போய்விடும்.

ஆர்வோவுக்கு ஆர்கன். மர்யத்தாவுக்கு முன்வரிசை.
யொர்மாவுக்கு டிரம்ஸ், ஒன்பது வயது,
கால் எட்டாமல் பெடலில் மரக்கட்டை கட்டியிருந்தோம்.
எனக்கு பாஸ் கிதார்.
மிச்சமிருந்தது அதுதான்.

அப்பா காசு எண்ணுவார்.
அம்மா, சோபா உறைக்கு வாங்கிய ஆரஞ்சு வெல்வெட்டில்
எங்களுக்கு நாலு சட்டை தைத்துவிட்டு
மீந்ததை சோபாவுக்கே போட்டாள்.
கச்சேரி முடிந்து வந்து அதில் சாய்ந்தால்
தலைகளும் கைகளும் மட்டும் தெரியும்.

ஏரிக்கரை நடன மேடைகள்.
இரவு பதினொன்றுக்கும் வெயில்.
கொசு வாய்க்குள் போனாலும் சுருதி விலகக் கூடாது,
விழுங்கிவிட்டு அடுத்த சொல்லைப் பிடிக்கணும்.
ஆடியவர்கள் சொன்னார்கள்:
ஒரே தொண்டையை நாலாய்ப் பிளந்த மாதிரி.
பிளந்த கதை
அவர்களுக்குத் தெரியாது.

எழுபத்து நாலாம் வருஷம், ஜூன் முதல் வாரம்.
ஆர்வோவும் மர்யத்தாவும் பேச்சை நிறுத்தினார்கள்.
ஒரு லாரி டிரைவர் அவளுக்கு எழுதிய கடிதம்,
அதை அண்ணன் பிரித்து அப்பா கையில் கொடுத்தது.
அவளுக்கு என்ன ஐஸ்கிரீம் வேண்டுமென்று
பெட்ரோல் பங்கில் அவன் என்னைக் கேட்பான்,
அவள் பக்கத்திலேயே நிற்பாள்.

ஆனால் மைக் ஒன்றுதான்.
இரவு எட்டரைக்கு இரண்டு முகமும்
ஒரு சாண் இடைவெளியில்.
அவன் மூச்சு எடுக்கும் இடத்தில்தான் அவளும் எடுப்பாள்.
பதினோரு வாரம்.
ஒரு ஸ்வரம் பிசகவில்லை.
பாசம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
பழக்கம் என்று நான் நினைத்தேன்.
இப்போது நிச்சயமாய்ச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்டில் தம்பெரெயில் பதிவு,
ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு.
மர்யத்தா குளியலறையில் தாழிட்டுக்கொண்டாள்.
உள்ளே குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.
அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்,
அதற்கு முன் பார்த்தேயிராத மாதிரி.
ஐலி, நீ பாடு.
தோளிலிருந்து பாஸைக் கழற்ற நேரமில்லை.
பாடினேன், ஒரே முறை.
ஆர்வோ என் பக்கம் திரும்பவில்லை.
அவன் எங்கே மூச்சு எடுப்பான் என்று
நாலு கோடை பின்னால் நின்று எண்ணியவள் நான்.

அட்டைப்படத்தில் மர்யத்தா முன்னால்.
வானொலியில் அவள் பெயர்.
கல்யாண வீடுகளில் அவளைத்தான் பாடச் சொன்னார்கள்.
பாடினாள், என் வளைவை அப்படியே,
நான் சறுக்கிய இடத்தில் தானும் சறுக்கி.

போன் போட்டேன்.
யொர்மா கேட்டான்: யாராயிருந்தால் என்ன, எவ்வளவு வரும்?
ஆர்வோவுக்கு இப்போது காது மந்தம்.
மர்யத்தாதான், என் பக்கத்தில் நின்றாளே, என்று
ஊருக்கே கேட்கக் கத்தினான்.
மர்யத்தா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் வீட்டில் பாத்திரம் கழுவும் மிஷின் ஓடியது.
பிறகு சொன்னாள்:
அன்று குழாயைத் திறந்துவிட்டது
என் அழுகை உங்களுக்குக் கேட்கக் கூடாதென்று இல்லை, ஐலி.
நீ பாடினால் எனக்குக் கேட்கக் கூடாதென்று.
கேட்டுவிட்டது.

வரப்போவது நாற்பத்தொரு யூரோவும் சில்லறையும்.
மூன்று வாரமாய்ப் படிவம்
ஃபிரிட்ஜ் கதவில், ஒரு காந்தத்துக்குக் கீழே,
திறக்கும்போதெல்லாம் படபடக்கிறது.
நேற்று பால் எடுக்கப் போனபோது
அந்தப் பாட்டு என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது.
நின்று கவனித்தேன்.
மேல்குரல் இல்லை.
பாஸ்.